ஊர்ப் பெயருக்கு ஒரு விலை!

பிரான்சு நாட்டுத் திராட்சைப் பண்ணை ஒன்று தன் பெயரைக் காத்த கதையும், விருதுநகர் சீமைக்கு அது சொல்லும் பாடமும்

ஒரு பாட்டில் திராட்சை மது. அளவு முக்கால் லிட்டர். விலை பல பத்தாயிரம் ரூபாய்!

பழைய சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம். 1945-ம் ஆண்டு விளைந்த திராட்சையில் செய்த பெரிய பாட்டில் ஒன்று, 2007-ம் ஆண்டு நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. சாதாரணப் பாட்டில் ஆறு கொள்ளும் அளவு. அது 3 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அன்றைய ரூபாய்க் கணக்கில் ஒரு கோடிக்கும் அதிகம்!

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பாட்டிலில்? தங்கமா? அமிர்தமா?

இரண்டும் இல்லை. திராட்சைச் சாறுதான். புளித்து, மரப் பீப்பாயில் ஊறி, பாட்டிலில் அடைபட்ட சாறு.

குடி குடியைக் கெடுக்கும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆகவே மதுவை ஒதுக்கி வைத்துவிட்டு, பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்க்கலாம். அந்த விலையில் பெரும் பங்கு பெயருக்குத்தான்.

பால்கோவா, வத்தல், பட்டாசு என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே சரக்கு விற்கும் விருதுநகர் மாவட்டத்து மக்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்.

கூழாங்கல் பூமி

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் போர்தோ என்று ஒரு துறைமுகப் பட்டணம் உண்டு. அதற்கு வடக்கே, ஜிரோந்து ஆற்றங்கரையில் போயாக் என்று ஒரு சிற்றூர். அங்கேதான் இருக்கிறது ‘ஷாத்தோ மூத்தோன் ரோத்ஸ்சைல்டு’ என்ற திராட்சைப் பண்ணை.

‘ஷாத்தோ’ என்றால் மாளிகை. ‘மூத்தோன்’ என்றால் பிரெஞ்சு மொழியில் செம்மறி ஆடு. ‘ரோத்ஸ்சைல்டு’ என்பது சொந்தக்காரர்களின் குடும்பப் பெயர்.

பண்ணையின் பரப்பு 200 ஏக்கருக்குச் சற்று அதிகம். அங்கே மண்ணைவிடக் கல்லே அதிகம். எங்கு பார்த்தாலும் கூழாங்கல். கோதுமை விதைத்தால் போட்ட முதல் திரும்பாது.

ஆனால் திராட்சைக்கு அந்தப் பூமியே வரப்பிரசாதம். மழைத் தண்ணீர் தேங்குவதில்லை. வேர் தண்ணீரைத் தேடி ஆழமாக இறங்குகிறது. காய்ப்பு குறைவு, ஆனால் ரசம் கெட்டி.

விருதுநகர் சீமையின் கதையும் இதுதானே! மழை குறைவு. காற்றில் ஈரமும் குறைவு. சம்சாரிக்கு அது சாபம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அதுவே வரம்.

1923-ம் ஆண்டு வாக்கில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியில் அடுப்பு எரிய அந்தத் தொழில் வழி செய்தது.

பூமியின் குறையையே முதலாக்கிப் பிழைத்தது போயாக். சிவகாசியும் அப்படியே.

பெயர் மூத்தோன்; இடம் இரண்டாவது!

1853-ம் ஆண்டு நத்தானியேல் ரோத்ஸ்சைல்டு என்ற பிரபு இந்தப் பண்ணையை ஏலத்தில் வாங்கினார். பெயரோடு தம் குடும்பப் பெயரையும் சேர்த்தார்.

இரண்டே வருஷத்தில் ஒரு சோதனை வந்தது.

1855-ம் ஆண்டு பாரீஸ் நகரில் மாபெரும் பொருட்காட்சி. நடத்தியவர் பிரெஞ்சு மன்னர் 3-ம் நெப்போலியன். அதில் வைப்பதற்காக, போர்தோவின் தரகர்கள் ஒயின் பண்ணைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள்.

அவர்கள் பார்த்த கணக்கு சந்தை விலை. அதிக விலைக்குப் போகும் பண்ணைக்கு முதல் வகுப்பு. அடுத்தது இரண்டாம் வகுப்பு. இப்படி ஐந்து வகுப்புகள் பிரித்தார்கள்.

சிவப்பு ஒயினில் முதல் வகுப்பு பெற்ற பண்ணைகள் நான்கே நான்கு. லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன்.

மூத்தோனுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. தமிழ்க் காதுக்குப் பெயர் மூத்தோன். உட்கார வைத்த இடமோ தம்பி இடம்!

அந்தப் பட்டியல் கல்லில் வெட்டிய எழுத்துப் போல நின்றுவிட்டது. அதன்பின் யார் எவ்வளவு நல்ல சரக்கு செய்தாலும் வகுப்பு மாறவில்லை.

இருபது வயது வாலிபர்

1922-ம் ஆண்டு பண்ணையின் பொறுப்பு பிலிப் என்ற வாலிபர் கைக்கு வந்தது. நத்தானியேல் பிரபுவின் கொள்ளுப்பேரன். வயது 20.

அன்று வியாபாரம் எப்படி நடந்தது? பண்ணைக்காரர் சாற்றைப் பீப்பாயில் ஊற்றிப் பட்டணத்து வியாபாரிக்கு அனுப்பிவிடுவார். அது வியாபாரியின் கிட்டங்கியில் கிடக்கும். அவர்தான் பாட்டிலில் அடைப்பார். பெயரை ஒட்டுவதும் அவர்தான்.

பீப்பாயில் போனது என்ன, பாட்டிலில் வந்தது என்ன என்று யாருக்குத் தெரியும்? நல்ல சரக்கோடு மட்டச் சரக்கைக் கலந்தால் கண்டுபிடிப்பது யார்? கலந்தவர் லாபத்தை எடுத்துக்கொள்வார். பழி மட்டும் பண்ணைக்கு வந்து சேரும்.

களத்தில் வத்தலைக் காயப் போட்டு, மூட்டை பிடித்து, கமிஷன் கடைக்கு அனுப்பும் சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டை கைவிட்டுப் போன பிறகு, அந்த வத்தல் எந்த ஊர்ப் பெயரில் எங்கே விற்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பிலிப் ஒரு முடிவுக்கு வந்தார். “இனி ஒரு சொட்டும் பீப்பாயில் வெளியே போகாது. விளைந்தது முழுவதும் பண்ணையிலேயே பாட்டிலில் அடைபடும்” என்பதுதான் அந்த முடிவு. 1924-ம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது.

வியாபாரிகளுக்குக் கோபம். பண்ணைக்கோ செலவு. முன்பு வியாபாரியின் கிட்டங்கியில் கிடந்த சரக்கு இப்போது பண்ணையிலேயே தங்கியது. அதை வைக்க இடம் வேண்டுமே! 1926-ம் ஆண்டு 100 மீட்டர் நீளத்தில் ஒரு பெரிய கிடங்கு கட்டினார்கள்.

பெயரைக் காக்கப் பணம் செலவாகும் என்பது முதல் பாடம்.

கெட்ட வருஷம்

இரண்டாவது பாடம் இன்னும் கடுமையானது.

1930-ம் ஆண்டு பருவம் பொய்த்தது. திராட்சை சரியாகப் பழுக்கவில்லை. சாற்றில் சாரம் இல்லை. அதுவோ உலகமெங்கும் வியாபாரம் படுத்திருந்த காலம்.

மூத்தோன் என்ற லேபிளை ஒட்டியிருந்தால் அந்த வருஷச் சரக்கும் விற்றிருக்கும். வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

பண்ணை அதைச் செய்யவில்லை. அந்தச் சரக்குக்கு ‘மூத்தோன் கதே’ என்று வேறு பெயர் வைத்துக் குறைந்த விலைக்கு விற்றது. ‘கதே’ என்றால் கடைக்குட்டி. பிலிப்பும் தம் வீட்டில் கடைக்குட்டிப் பிள்ளைதான்!

“இது எங்கள் முதல் தரச் சரக்கு அல்ல” என்று பண்ணையே ஊருக்குச் சொன்னது போல ஆயிற்று. அந்த வருஷம் நஷ்டம்தான். ஆனால் மற்ற வருஷங்களில் மூத்தோன் என்ற பெயரைப் பார்த்தவர்கள் சந்தேகமில்லாமல் பணத்தை எடுத்து வைத்தார்கள்.

பெயர் என்பது எதை விற்கிறோம் என்பதில் மட்டும் இல்லை. எதை அந்தப் பெயரில் விற்க மறுக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

லேபிளில் சித்திரம்

1945-ம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அந்த வருஷத்துப் பாட்டிலின் லேபிளில் வெற்றிச் சின்னம் ஒன்றை வரையச் செய்தார் பிலிப். அதிலிருந்து அது வழக்கமாயிற்று. ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு புகழ் பெற்ற ஓவியரின் சித்திரம் லேபிளின் தலையில் இடம் பெறுகிறது.

1958-ம் ஆண்டு லேபிளில் டாலியின் சித்திரம். 1973-ம் ஆண்டு லேபிளில் பிக்காசோவின் சித்திரம். 2009-ம் ஆண்டுச் சரக்குக்கு வரைந்தவர் பம்பாயில் பிறந்த அனிஷ் கபூர். ஓவியர்களுக்குப் பணம் கிடையாது. கூலி, ஒயின் பெட்டிகள்தான்!

லேபிளின் மகிமை சிவகாசிக்குத் தெரியாதா என்ன? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால்தான் அந்த ஊரில் அச்சுத் தொழிலே வளர்ந்தது. பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று பெருகியது. எழுத்துத் தெரியாதவர்களும் அணில் படத்தையும் மயில் படத்தையும் பார்த்துச் சரக்கை அடையாளம் கண்டார்கள். ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டமும் ஊருக்கு வந்தது.

ஆனால் லேபிளை யாரும் அச்சடிக்கலாம். அமெரிக்காவில் ஓர் ஆசாமி வீட்டில் உட்கார்ந்தே பழைய பிரெஞ்சு ஒயின்களைப் போலியாகத் தயாரித்து லட்சக்கணக்கான டாலருக்கு விற்றார். போலீசார் வீட்டைச் சோதனை போட்டபோது ஆயிரக்கணக்கில் போலி லேபிள்கள் சிக்கின. 2014-ம் ஆண்டு கோர்ட்டு அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஆகவே லேபிள் மட்டும் போதாது. லேபிளுக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும். சட்டத்துக்குப் பின்னால் நாணயம் நிற்க வேண்டும்.

மூத்தோனின் நாணயத்துக்குப் பலன் கிடைத்தது. பிலிப் பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 1973-ம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் மூத்தோனை முதல் வகுப்புக்கு உயர்த்தியது. உத்தரவில் கையெழுத்துப் போட்ட விவசாய மந்திரி ஜாக் ஷிராக். பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதி ஆனவர் இவரே. 1855-ம் ஆண்டில் இரண்டாம் இடம். 1973-ல் முதல் இடம். இடையில் 118 ஆண்டுகள்!

கிண்டிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள்

ஒரு பண்ணை தன் பெயரைக் காத்துக்கொண்டது. ஓர் ஊரின் பெயரை யார் காப்பது?

அதற்கு 1935-ம் ஆண்டு பிரான்சு ஒரு சட்டம் செய்தது. ஓர் ஊரின் பெயரை ஒயினுக்கு வைக்க வேண்டுமானால் திராட்சை அந்த எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். எந்த ரகம், ஒரு நிலத்தில் அதிகபட்சம் எவ்வளவு மகசூல் என்பதற்கும் விதி உண்டு. அளவுக்கு மீறிக் காய்க்க விட்டால் ஊர்ப் பெயர் கிடைக்காது!

இந்தியாவிலும் இப்படிச் சட்டம் உண்டு. அதுதான் புவிசார் குறியீட்டுச் சட்டம். 1999-ம் ஆண்டு நிறைவேறி, 2003-ம் ஆண்டு செப்டம்பரில் அமுலுக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவு அலுவலகம். அது இருப்பது சென்னை கிண்டியில்.

பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். பதிவான ஊர்ப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் ஒரு வேடிக்கை. பிரான்சு நாட்டின் ஷாம்பெயின், காக்னக் என்ற மது வகைகளின் பெயர்களும் கிண்டிப் பதிவேட்டில் இருக்கின்றன. எங்கோ இருக்கும் ஊர்க்காரர்கள் கடல் கடந்து வந்து தங்கள் ஊர்ப் பெயரைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயரின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைத் தொடரைத் தாண்டினால் தேனி மாவட்டம். அங்கே கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. அந்தப் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தத் திராட்சைக்கும் பிரான்சு உறவு உண்டு. 1832-ம் ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்பது வரலாறு. இன்று சுமார் 10 கிராமங்களில், 2,000 ஏக்கர் அளவில் விளைகிறது. பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள்.

போர்தோவில் ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடை. கம்பத்திலோ ஆண்டு முழுவதும் பழம் வரும். அப்படியானால் கம்பத்து விவசாயி அல்லவா சீமானாக இருக்க வேண்டும்?

இல்லை. காரணம், பன்னீர் திராட்சை மெல்லிய தோல் கொண்டது. பறித்த பிறகு அதிக நாள் தாங்காது. விலை இறங்கினாலும் விற்றே தீர வேண்டும். பொறுத்திருக்க அவருக்கு வசதி இல்லை. பொறுத்திருக்க 100 மீட்டர் கிடங்கு கட்டியவர் பிலிப்.

குறியீடு பெயரைக் கொடுத்தது. பொறுக்கும் சக்தியைக் கொடுக்கவில்லை. குளிர்ப்பதன அறையும், பழச்சாறும் உலர்திராட்சையும் செய்யும் ஆலையும் விவசாயி கைக்கு எட்டினால்தான் பெயர் பணமாக மாறும்.

சொந்தப் பிள்ளைகள்

விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம்.

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர் சம்பா வத்தலுக்கும் கிடைத்திருக்கிறது.

பால்கோவாவுக்குச் சேர்மானம் இரண்டே இரண்டு. பால், சர்க்கரை. மீதி எல்லாம் அடுப்பும் கைப்பக்குவமும். இத்தனை எளிய பண்டத்தில் கலப்படம் செய்வதும் எளிது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று எந்த ஊரிலும் யாரும் பலகை எழுதி மாட்டிவிடலாம். அதைச் சாப்பிட்டு முகம் சுளித்தவர் கடைக்காரரைத் திட்டுவதில்லை. ஊரைத் திட்டுகிறார்!

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஊருக்குக் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. அங்கே தொழில் செய்கிறவர் ஒவ்வொருவரும், ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தம் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். அப்போதுதான் அந்த முத்திரையைத் தம் சரக்கில் போடும் உரிமையும், போலிக்காரர் மேல் வழக்குத் தொடுக்கும் உரிமையும் அவருக்கு வரும். 2020-ம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கான கட்டணம் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

பத்து ரூபாய்! ஒரு வாய் பால்கோவாவின் விலை. அதைக் கட்டாமல் விட்டால் ஊரார் தேடிய பெயர் யார் யாருக்கோ போய்விடும்.

சிவகாசியின் பெயர்

இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் செய்தது. தீபாவளி என்றால் சிவகாசி என்ற பெயர் காஷ்மீர் வரை தெரியும். அந்தப் பெயருக்கு இன்று இரண்டு பக்கமும் இடி.

முதலாவது, காற்று மாசு. 2018-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி என்று தீர்ப்புக் கூறியது. பேரியம் உப்புக்குத் தடை விதித்தது. நாகபுரியில் உள்ள நீரி ஆராய்ச்சி நிலையம் பசுமைப் பட்டாசு முறையை வகுத்துக் கொடுத்தது. பெட்டியில் முத்திரையும் க்யூ.ஆர். குறியும் வந்தன. ஆனால் போலிக் குறியை ஒட்டிப் பழைய பட்டாசையே விற்பதாகப் புகார் எழுந்தது. 2021-ம் ஆண்டு அதைச் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது.

ஒருவர் ஒட்டும் போலிக் குறியால் நாணயமாகத் தொழில் செய்யும் நூறு பேருக்குக் கெட்ட பெயர்.

இரண்டாவது இடி, விபத்து. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. உரிமம் பெற்ற ஆலையின் அறைகளை உள்குத்தகைக்கு விடுவது, அனுமதித்ததற்கு மேல் ஆட்களை அடைப்பது, அளவுக்கு மேல் மருந்தைக் குவிப்பது என்று விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றங்கள் இவையே.

போர்தோவில் விதியை மீறினால் ஒயின் கெடும். சிவகாசியில் விதியை மீறினால் உயிர் போகும். காலையில் தூக்குச் சட்டியோடு வேலைக்குப் போன தாய் மாலையில் திரும்புவாளா என்று ஒரு பிள்ளை வாசலில் காத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணீர் மேல் நிற்கும் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

யார் காப்பது?

ஒரு வேற்றுமையை மறக்கக் கூடாது. மூத்தோன் ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொத்து. கெட்ட வருஷத்தில் நஷ்டத்தைத் தாங்க அவர்களால் முடிந்தது. ஒரே முதலாளி; ஒரே சொல்.

பால்கோவாவும் வத்தலும் பட்டாசும் அப்படி அல்ல. அவை ஆயிரக்கணக்கான ஏழை எளியவர்களின் பொதுச் சொத்து. பொதுச் சொத்தில் ஒரு சங்கடம் உண்டு. எல்லோருக்கும் பலன் வேண்டும். காவல் மட்டும் அடுத்தவர் பொறுப்பு என்று நினைப்பார்கள்.

பிரான்சில் சிறு விவசாயிகளும் உண்டு. அவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் அமைத்து விதிகளைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். தரம் இல்லாத சரக்குக்கு ஊர்ப் பெயர் கிடைப்பதில்லை. அண்டை வீட்டுக்காரராக இருந்தாலும் விதி விதிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டுறவுப் பால் சங்கம் உண்டு. சிவகாசியில் உற்பத்தியாளர் சங்கங்கள் உண்டு. விருதுநகரில் வியாபாரிகளின் சங்கம் உண்டு. ஊர்ச் சங்கங்கள் கூடிப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிய சீமை இது. பெயரைக் காக்கவும் அதே சங்கங்களால் முடியும். மட்டமான வத்தலுக்கு ஊர் முத்திரை இல்லை, மாவு கலந்த கோவாவுக்கு ஊர்ப் பெயர் இல்லை, உள்குத்தகை ஆலைக்குச் சங்கத்தில் இடம் இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். நாலு ரூபாய் குறைகிறது என்று போலியை வாங்கினால், அந்த நாலு ரூபாய் நல்ல தொழிலாளியின் கூலியிலிருந்து போகிறது.

அரசாங்கம் சட்டத்தைக் கொடுத்திருக்கிறது. கிண்டி அலுவலகம் சான்றிதழைக் கொடுத்திருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் அது வெறும் காகிதம். அதன்படி நடந்தால் அது முதல்.

முப்பாட்டன் காலத்தில் தேடிய பெயர் பேரன் கைக்கு வந்திருக்கிறது. அதைக் குறையில்லாமல் அவன் பேரனிடம் கொடுக்க வேண்டும். மூத்தோன் செய்து காட்டியது அவ்வளவுதான்.